எல்லாரையும் பாட வைத்த எம்.பி.சீனிவாசன்

(வாழ்க்கை வரலாறு பகுதி)
எழுதியவர்: ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, கோவில்பதாகை



நம்ம சுவரிதழில் இந்தப் பகுதியில் இதுவரை காமராசர், அப்துல் கலாம், அன்னை தெரசா, பாரதியார் எல்லாரும் வந்துவிட்டார்கள். காமராசர் மட்டும் மூன்று தடவை வந்துவிட்டார். இந்த மாதம் என் முறை என்றதும், யாரும் எழுதாத ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள் தமிழம்மா. வீட்டில் கேட்டேன். அப்பாவுக்குத் தெரிந்த பெயர் எல்லாம் ஏற்கெனவே வந்த பெயர்தான். தாத்தாதான் ஒரு பழைய சினிமாப் பாட்டை முனகிக் காட்டிவிட்டு, இதைப் போட்டவரைப் பற்றி எழுது என்றார். அவர்தான் எம்.பி.சீனிவாசன். சுருக்கமாக எம்.பி.எஸ். என்று சொல்வார்கள்.

யார் இவர் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். இவர் ஓர் இசையமைப்பாளர். சினிமாவுக்கு இசை போட்டவர். ஆனால் அதற்காக மட்டும் நான் இவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. முழுக்கப் படித்தால் உங்களுக்கே தெரியும்.

பிறப்பும் இளமையும்

எம்.பி.எஸ். 1925-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் தேதி சித்தூரில் பிறந்தார். இப்போது சித்தூர் ஆந்திராவில் இருக்கிறது. அப்போது எல்லாம் ஒரே சென்னை மாகாணம். அவருடைய பெயரில் முதலில் இருக்கும் ‘எம்’ என்ற எழுத்து மானாமதுரையைக் குறிக்கும். கடம் செய்வதற்குப் பேர் போன ஊர் மானாமதுரை. கடம் என்றால் கச்சேரியில் பானை மாதிரி வைத்துத் தட்டுவார்களே, அதுதான். பெயரிலேயே ஒரு வாத்தியம் ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

வசதியான குடும்பம். அவர் நினைத்திருந்தால் நல்ல உத்தியோகம் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் சென்னையில் மாணவராக இருந்தபோதே அரசியலில் ஈடுபாடு வந்துவிட்டது. அது நாடு விடுதலைக்காகப் போராடிக்கொண்டிருந்த காலம். இவர் கம்யூனிஸ்ட் இயக்கத்தில் சேர்ந்தார். கூலி வாங்குகிறவர்கள் பக்கம் நிற்க வேண்டும் என்கிற எண்ணம் அப்போதே அவரிடம் வந்துவிட்டது. பிறகு அவர் செய்த எல்லாவற்றிலும் அது தெரிகிறது.

இசையில் கர்நாடக சங்கீதம், இந்துஸ்தானி, மேற்கத்திய இசை மூன்றையும் தெரிந்துகொண்டார். நமக்கு ஒன்றே வராது, இவருக்கு மூன்றும் வந்திருக்கிறது.

திருமணம்

இவருடைய மனைவி பெயர் ஜாகிதா கிச்லு. இவர் சைபுதீன் கிச்லுவின் மகள். ஜாலியன் வாலாபாக் பாடம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமிர்தசரசில் கிச்லு, சத்தியபால் என்ற இரண்டு தலைவர்களை ஆங்கிலேயர்கள் கைது செய்தார்கள். அதனால் வந்த கொந்தளிப்பில்தான் ஏப்ரல் 13-ஆம் தேதி ஜாலியன் வாலாபாக்கில் மக்கள் கூடினார்கள். அங்கே நடந்த படுகொலையை நாம் பரீட்சைக்காகப் படிக்கிறோம். அந்தக் கிச்லுவின் மகள் நம் சென்னைக்கு மருமகளாக வந்தார் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். ஒருவர் தமிழ், ஒருவர் பஞ்சாப் பக்கம். இந்தக் காலத்திலேயே இதற்கெல்லாம் எவ்வளவு சண்டை நடக்கிறது! அவர்கள் அந்தக் காலத்திலேயே செய்துகொண்டார்கள்.

சினிமாவில்

1960-ஆம் ஆண்டு ‘பாதை தெரியுது பார்’ என்று ஒரு தமிழ்ப் படம் வந்தது. இதை இயக்கியவர் நிமாய் கோஷ். வங்காளத்திலிருந்து சென்னைக்கு வந்த ஒளிப்பதிவாளர். ஒரு பெரிய முதலாளி பணம் போட்டு எடுத்த படம் இல்லை இது. குமரி பிலிம்ஸ் என்ற பெயரில் பலர் சேர்ந்து ஆளுக்கு ஒரு பங்கு போட்டு எடுத்தார்கள். நம்ம தெருவில் சீட்டு சேர்ந்து கட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர்களைப் பற்றிய கதை. இசை எம்.பி.எஸ்.

தாத்தா முனகிய பாட்டு இந்தப் படத்தில்தான் வருகிறது. தென்னை ஓலையில் ஊஞ்சலாடுகிற சிட்டுக்குருவியைப் பற்றிய பாட்டு. எழுதியவர் எழுத்தாளர் ஜெயகாந்தன். பாடியவர்கள் பி.பி.சீனிவாஸ், எஸ்.ஜானகி. அப்பா போனில் போட்டுக் கேட்டேன். கேட்கும்போது காற்று வருகிற மாதிரியே இருக்கிறது. படத்துக்குத் தேசிய விருதில் நற்சான்றிதழ் கிடைத்தது. ஆனால் தியேட்டரில் சரியாக ஓடவில்லை. பங்கு போட்டவர்களுக்கு வருத்தமாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் அறுபது வருடத்துக்கு மேல் ஆன பிறகும் தாத்தா அந்தப் பாட்டை மறக்கவில்லை.

அடுத்து ஒரு செய்தி சொல்கிறேன். இது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ஐயப்பன் கோவிலில் இரவு நடை சாத்தும்போது ஒரு பாட்டு போடுவார்கள் இல்லையா, அதைப் பாடிய கே.ஜே.யேசுதாசுக்கு முதன்முதலில் சினிமாவில் பாட வாய்ப்புக் கொடுத்தவர் எம்.பி.எஸ்.தான். 1961-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி, அதாவது குழந்தைகள் தினத்தன்று, சென்னையில் அந்தப் பாட்டு பதிவானது. யேசுதாசுக்கு அப்போது 21 வயது. படத்தின் பெயர் ‘கால்பாடுகள்’. மலையாளப் படம், 1962-ல் வந்தது. பாடியது நாலே நாலு வரி. ஸ்ரீ நாராயண குரு எழுதிய வரிகள். சாதி பேதமும் மத வெறுப்பும் இல்லாமல் எல்லாரும் உடன்பிறந்தவர்களாக வாழ வேண்டும் என்பது கருத்து. பாடியவர் கிறிஸ்தவர், எழுதிய குரு இந்து சமயத் துறவி, இசை போட்டவர் முஸ்லிம் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டவர். அந்த நாலு வரிக்கு இதைவிடப் பொருத்தமானவர்கள் கிடைக்க மாட்டார்கள்.

தமிழைவிட மலையாளத்தில்தான் எம்.பி.எஸ். நிறையப் படங்களுக்கு இசையமைத்தார். கேரள அரசின் விருதையும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாங்கியிருக்கிறார். கவிஞர் ஓ.என்.வி.குறுப்பு எழுத, இவர் இசை போட, ‘உள்கடல்’ (1979) படத்துப் பாட்டுகள் அங்கே ரொம்பப் புகழ் பெற்றவை. ‘ஓப்போள்’ (1980) படத்தில் இவர் இசையில் பாடியதற்குத்தான் எஸ்.ஜானகி அம்மாவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

இவருடைய பின்னணி இசையும் பேசப்பட்டது. பின்னணி இசை என்றால் பாட்டு இல்லாமல் காட்சிக்குப் பின்னால் வருகிற இசை. அடூர் கோபாலகிருஷ்ணன் இயக்கிய ‘எலிப்பத்தாயம்’ (1981) படத்தில் பாட்டே கிடையாது. எலிப்பத்தாயம் என்றால் எலிப்பொறி. ஒரு பழைய வீட்டில் அண்ணன் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருப்பான், தங்கைகள் கஷ்டப்படுவார்கள். கொஞ்சம் பார்த்தேன். பயமுறுத்துகிற மாதிரி எதுவும் காட்டவில்லை. ஆனால் அந்த இசையைக் கேட்டால் வயிற்றில் ஏதோ செய்கிறது. இந்தப் படத்துக்கு 1982-ல் லண்டனில் சதர்லேண்ட் கோப்பை கிடைத்தது.

இவர் நடிக்கவும் செய்திருக்கிறார். ஜான் ஆபிரகாம் இயக்கிய ‘அக்ரகாரத்தில் கழுதை’ (1977) என்ற தமிழ்ப் படத்தில் தாயில்லாத கழுதைக்குட்டியை வளர்க்கிற பேராசிரியராக வருகிறார். இசையும் அவரே. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

வாசிப்பவர்களுக்காகச் சங்கம்

இனி சொல்லப்போவது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

ஒரு சினிமாப் பாட்டில் நமக்குப் பாடகர் பெயர் தெரியும், இசையமைப்பாளர் பெயர் தெரியும். ஆனால் உள்ளே வயலின் இருபது பேர் வாசித்திருப்பார்கள், ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் தபேலா, ஒருவர் கடைசியில் ஒரே ஒரு மணி மட்டும் அடித்திருப்பார். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்றும் யாரும் கேட்கவில்லை.

எங்க சின்ன மாமா கல்யாண பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறார். மாப்பிள்ளை அழைப்புக்கு ஊதிவிட்டு இரவு ஒரு மணிக்கு வருவார். உதடு வீங்கியிருக்கும். ஆனால் பேசிய பணம் உடனே வராது. முகூர்த்தம் முடிந்து ஒரு மாதம் கழித்துக்கூட நடந்துகொண்டிருப்பார். கேட்டால், நீங்க என்ன ஊதத்தானே செஞ்சீங்க என்று சொன்னவர்களும் உண்டு என்று மாமா சொல்வார். அதனால் எனக்கு இந்த விஷயம் நன்றாகப் புரியும்.

எம்.பி.எஸ். சென்னையில் சினிமா இசைக் கலைஞர்களை ஒன்றுசேர்த்துச் சங்கம் அமைத்தார். வேலை நேரத்துக்குக் கணக்கு வேண்டும், உரிய நேரத்தில் சம்பளம் வர வேண்டும் என்று நின்றார். தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்களுக்குப் பொதுவான சம்மேளனம் உருவானதிலும் அவருக்கும் நிமாய் கோஷுக்கும் பெரிய பங்கு உண்டு. இன்றைக்கு ‘பெப்சி’ என்று செய்தியில் சொல்கிறார்களே, அதுதான் அந்தச் சம்மேளனம். குடிக்கிற பெப்சி இல்லை!

யோசித்துப் பாருங்கள். இவர் இசையமைப்பாளர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை வாங்குகிற ஆள். அப்படிப்பட்டவர் இந்தப் பக்கம் வாசிக்கிறவர்களுக்காகப் பேசினால் தயாரிப்பாளர்களுக்குப் பிடிக்குமா? தமிழில் இவருக்குப் படங்கள் குறைவாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் இவர் சங்கத்தை விடவில்லை.

சேர்ந்திசை

1970-களின் தொடக்கத்தில் எம்.பி.எஸ். ‘மெட்ராஸ் யூத் கொயர்’ என்ற சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். கொயர் என்றால் என்ன என்று சர்ச்சுக்குப் போகிற நம் தோழிகளுக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் சமயத்தில் கேரல் ரவுண்ட்ஸ் வருவார்களே, அதில் சில குழுக்கள் எல்லாரும் ஒரே மாதிரி பாடாமல் மேலே ஒரு குரல், கீழே ஒரு குரல் என்று பிரித்துப் பாடுவார்கள். கேட்க நிறைவாக இருக்கும்.

நம்ம ஊர் சங்கீதத்தில் பத்துப் பேர் பாடினாலும் எல்லாரும் ஒரே ஸ்வரத்தைத்தான் பாடுவார்கள். காலையில் நாம் தமிழ்த்தாய் வாழ்த்து பாடுவதும் அப்படித்தான். மேற்கத்திய முறையில் ஒரே நேரத்தில் ஒரு வரிசை ‘ச’ பாடும், இன்னொரு வரிசை ‘க’ பாடும், இன்னொரு வரிசை ‘ப’ பாடும். மூன்றும் சேர்ந்தால் மூன்று பேர் தனித்தனியாகப் பாடுவது போல இருக்காது, ஒரு பெரிய சத்தம் அப்படியே விரிவது போல இருக்கும். பெண்களில் மேல்குரல், கீழ்க்குரல், ஆண்களில் மேல்குரல், கீழ்க்குரல் என்று பொதுவாக நாலாகப் பிரிப்பார்கள்.

எம்.பி.எஸ். இந்த முறையை எடுத்து நம்ம பாட்டுக்குப் பயன்படுத்தினார். பாரதியார் பாட்டுகளைச் சேர்ந்திசையாக அமைத்தார். மற்ற இந்திய மொழிப் பாட்டுகளையும் அந்தக் குழு பாடியது. பாடியவர்கள் சினிமாப் பாடகர்கள் இல்லை. படிக்கிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். சாயங்காலம் வந்து கற்றுக்கொண்டு பாடினார்கள். அவர் முன்னால் நின்று கையை அசைத்து நடத்துவார். வானொலியிலும் சேர்ந்திசை சொல்லிக்கொடுத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

ஏன் இதற்கு இவ்வளவு பாடுபட்டார் என்று நான் யோசித்தேன். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். தனியாகப் பாடினால் குரல் இனிமையாக இருப்பவர்கள் மட்டும்தான் பாட முடியும். மற்றவர்கள் கைதட்டலாம், அவ்வளவுதான். சேர்ந்திசையில் கட்டைக்குரலுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசை இல்லாவிட்டால் பாட்டே முழுமையாகாது. பாட்டின் அடியில் பாய் விரித்த மாதிரி அதுதான் கிடக்கும். பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல் கத்தினால் கெட்டுவிடும். அதனால் சாதி, மதம், பணக்காரர், ஏழை என்று பார்க்காமல் பக்கத்தில் நிற்பவரைக் கவனித்தே ஆக வேண்டும். சங்கத்திலும் அவர் இதைத்தான் செய்தார் என்று நினைக்கிறேன். கடைசியில் ஒரு மணி அடிப்பவரையும் கணக்கில் சேர்த்தார்.

எனக்கும் கட்டைக்குரல்தான். சின்ன வயதில் ஓர் இடத்தில் நடந்த விழாவில், பாட்டுக்கு நின்ற எங்களில் நாலு பேரைப் பார்த்து, நீங்க வாயை மட்டும் அசைச்சா போதும், சத்தம் வர வேணாம் என்று ஒருவர் சொன்னார். நாங்களும் மூன்று நிமிடம் வாயை மட்டும் அசைத்தோம். அம்மா கீழே உட்கார்ந்து, நான் பாடுகிறேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அன்றைக்கு எம்.பி.எஸ். மாதிரி ஒருவர் இருந்திருந்தால் எங்களைக் கீழ்க்குரல் வரிசையில் நிறுத்தியிருப்பார்.

உலகத்தில் இன்னொருவர்

அமெரிக்காவில் ஆரன் கோப்லாண்ட் (1900 - 1990) என்ற இசையமைப்பாளர் இருந்தார். நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியில் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். பெரிய வாத்தியக் குழுக்களுக்கும், பாலே நாட்டியத்துக்கும், சினிமாவுக்கும் இசை எழுதினார். 1949-ல் வந்த ‘தி ஏர்ஸ்’ படத்தின் இசைக்கு ஆஸ்கர் விருது வாங்கினார். அவ்வளவு பெரியவர் 1937-ல் பள்ளி மாணவர்களே பாடி நடிப்பதற்காக ஓர் இசை நாடகம் எழுதினார். பெயர் ‘இரண்டாவது சூறாவளி’. கடல் தாண்டி இருந்தாலும் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம் வந்திருக்கிறது பாருங்கள்.

மறைவு

1988-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் தேதி எம்.பி.எஸ். மாரடைப்பால் இறந்தார். வயது 62. இறந்த இடம் வீடும் இல்லை, ரெக்கார்டிங் தியேட்டரும் இல்லை. சேர்ந்திசை வேலையாகப் போயிருந்த லட்சத்தீவு. நடுக்கடலில் இருக்கிற அந்தச் சின்னத் தீவு வரை போயிருக்கிறார்.

அவர் தொடங்கிய சென்னைக் குழு அவருக்குப் பிறகும் பாடியது. அவருடைய மாணவர்கள் அவர் பெயரிலேயே திருவனந்தபுரத்தில் ஒரு சேர்ந்திசைக் குழுவை நடத்தினார்கள். இசையமைப்பாளர் இறந்தால் கேசட்டும் படமும் மிஞ்சும். இவருக்குப் பாடுகிற ஆட்களே மிஞ்சினார்கள்.

நினைவில் வைக்க (பொது அறிவுக்காக)

முழுப்பெயர்: மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன்
பிறப்பு: 19.09.1925, சித்தூர்
மறைவு: 09.03.1988, லட்சத்தீவு
தமிழ்ப் படங்களில் சில: பாதை தெரியுது பார், அக்ரகாரத்தில் கழுதை
மலையாளப் படங்களில் சில: கால்பாடுகள், உள்கடல், ஓப்போள், எலிப்பத்தாயம், யவனிகா
தொடங்கிய குழு: மெட்ராஸ் யூத் கொயர்

என் வேண்டுகோள்

அன்பான தோழர், தோழியரே! கட்டுரையைப் படித்துவிட்டு அப்படியே போய்விடாதீர்கள். நம் பள்ளியிலும் ஒரு சேர்ந்திசைக் குழு தொடங்கலாம் என்று தமிழம்மாவிடம் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு மணிக்குப் பிறகு இருபது நிமிடம், வேப்பமரத்தடியில். ஆர்மோனியம் எதுவும் வேண்டாம். முதலில் இரண்டே வரிசை. ஒரு வரிசை ‘ச’ பிடித்து நிற்க வேண்டும், இன்னொரு வரிசை ‘ப’. அது வந்துவிட்டால் அப்புறம் பாரதியார் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆறாம் வகுப்பிலிருந்து யார் வேண்டுமானாலும் வரலாம். பையன்களும் வரலாம், குரல் உடைந்துவிட்டது என்று ஓடிவிடாதீர்கள், உங்களுக்குத்தான் கீழ்க்குரல் வரிசை.

இந்தத் தாளுக்குக் கீழே கோடு போட்டு இடம் விட்டிருக்கிறேன். சேர விரும்புகிறவர்கள் பெயரையும் வகுப்பையும் எழுதுங்கள். குரல் எப்படி என்று எழுத வேண்டாம். முதல் பெயரை நானே எழுதிவிட்டேன்.